சிரங்கு நோயும் மேற்பூச்சு மருந்துகளும்: ஜமாஅத்தாரின் கவனத்திற்குச் சில செய்திகள்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

பொதுக்கூட்டத்தில் இமாம் எழுந்து நின்றால் தொழுகையைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் சொறி சிரங்கைப் பற்றிப் பேசப் போகிறேன். சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். சிலருக்கு முகம் சுளிக்கவும் தோன்றலாம். ஆயினும் கடந்த ஆண்டு நமது ஹிஃப்ழு மதரஸாவில் நடந்த ஒரு நிகழ்வில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. அதை உங்கள் முன்னிலையில் எடுத்துரைப்பது எனது கடமை என்று கருதுகிறேன்.

நடந்தது என்ன?

நமது மதரஸாவில் 22 மாணவர்கள் தங்கி ஓதி வருகின்றனர். அவர்களில் ஒரு சிறுவன் இரவெல்லாம் உறங்காமல் சொறிந்து கொண்டிருந்தான். விரலிடுக்குகளிலும் மணிக்கட்டிலும் சிறு சிறு பருக்கள். சில இடங்களில் சீழ். பகலில் ஓதும்போது கண் சொருகிவிடும். பாடம் பின்தங்கியது. நான் அவனைக் கடிந்து கொண்டேன். பின்னர் கையைப் பார்த்தபோதுதான் விவரம் புரிந்தது.

உடனே நான் என்ன செய்தேன்? மருந்துக் கடையிலிருந்து ஒரு களிம்பு வாங்கிவரச் செய்து அவனுக்கு மட்டும் பூசச் சொன்னேன். பாயைத் தனியே விரித்துப் படுக்க வைத்தேன். பத்து நாளில் குறைந்தது போல் தோன்றியது. மூன்று வாரத்தில் மீண்டும் வந்தது. மறுபடியும் அவனுக்கு மட்டும் மருந்து. மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது மற்றச் சிறுவர்கள் அவனருகில் அமர மறுத்தனர். அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்துவிட்டனர். செய்தியறிந்து வந்த அவனது தந்தை, “ஹழ்ரத், என் பிள்ளையால் மற்றப் பிள்ளைகளுக்குச் சங்கடம் வேண்டாம், நான் அழைத்துப் போகிறேன்” என்று கூறி அழைத்துச் சென்றுவிட்டார். அப்போது அவன் ஏழு ஜுஸ்உகள் முடித்திருந்தான்.

அவன் சென்ற பிறகு, தனிப்பாயில் எவரையும் படுக்க வைக்காத நிலையில், இன்னும் ஒன்பது சிறுவர்களுக்கு அரிப்புத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு விழிப்பு வந்தது. அரசு மருத்துவமனையின் தோல்நோய் மருத்துவர் ஒருவரை அணுகினேன். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை பேருக்கு அரிப்பு?” என்பதன்று, “எத்தனை பேர் ஒன்றாக உறங்குகிறார்கள்?” என்பதே. அந்தக் கேள்வியில்தான் இந்நோயின் வைத்தியம் முழுவதும் அடங்கியுள்ளது. அதை விளக்கவே இந்த உரை.

நோயின் இயல்பு

சிரங்கு என்பது இரத்தக் கெடுதியால் வருவதன்று, சூட்டினால் வருவதன்று, கத்திரிக்காயும் கருவாடும் தின்பதால் வருவதுமன்று. மனிதத் தோலில் வளை தோண்டி வாழும் ஒரு சிற்றுண்ணியால் வருவது. எட்டுக் கால்களைக் கொண்ட அவ்வுயிர் ஒரு மில்லிமீட்டரில் பாதியளவு கூட இராது. பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் வளை தோண்டி, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இட்டு, ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை வாழும். முட்டை மூன்று நான்கு நாட்களில் பொரிந்து, சுமார் இரண்டு வாரத்திற்குள் முழு வளர்ச்சி பெறும்.

அரிப்பு உண்டாவது உண்ணி கடிப்பதால் அன்று. உண்ணியையும் அதன் முட்டையையும் கழிவையும் உடல் ஏற்காமல் எதிர்ப்பதால் உண்டாவது. முதன்முறை தொற்றுபவருக்கு அந்த எதிர்ப்பு தோன்ற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை அவருக்கு அரிப்பு இராது. ஆனால் அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். முன்பு ஒருமுறை வந்தவருக்கோ ஓரிரு நாளிலேயே அரிப்புத் தொடங்கிவிடும்.

சகோதரர்களே, எனது தவறு எங்கே என்று இப்போது விளங்கும். சொறிந்த ஒருவனுக்கு மட்டும் நான் மருந்திட்டேன். சொறியாத பலரின் தோலில் உண்ணி ஏற்கெனவே குடியிருந்தது. குணமடைந்த சிறுவனுக்கு அவர்களிடமிருந்தே மீண்டும் தொற்றியது. அவன் நோயைப் பரப்பினான் என்று நாங்கள் எண்ணினோம். உண்மையில் அவன் மற்றவர்களிடமிருந்து மீண்டும் மீண்டும் நோயைப் பெற்றுக் கொண்டிருந்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, எந்த நேரத்தில் எடுத்துக் கொண்டாலும் உலகில் சுமார் 20 கோடிப் பேர் இந்நோயுடன் உள்ளனர். 2017-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சொறிந்த புண்ணில் கிருமி புகுந்து சீழ் வைத்தால், அதன் விளைவாகச் சிறுநீரக அழற்சி வரை செல்லக்கூடும். எனவே “சிரங்குதானே” என்று அலட்சியம் செய்வதற்கில்லை.

தொற்று பற்றி மார்க்கம் கூறுவது

மாணவர்கள் அனைவருக்கும் மருந்திட வேண்டும் என்று நான் கூறியபோது, ஒரு பெரியவர் என்னிடம், “தொற்று என்பது மார்க்கத்தில் இல்லையே, ஹழ்ரத்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறாமல் கடந்து செல்ல இயலாது.

தொற்று இல்லை என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸ் சிரங்கைப் பற்றிய உரையாடலோடு சேர்ந்தே வந்துள்ளது. சொறி பிடித்த ஓர் ஒட்டகம் மற்ற ஒட்டகங்களுடன் கலந்ததும் அவையும் சொறி பிடித்துப் போகின்றனவே என்று ஒரு கிராமவாசி வினவினார். அப்படியானால் முதல் ஒட்டகத்திற்குத் தொற்ற வைத்தது யார் என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அதே நபி (ஸல்) அவர்களே, நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ள ஒட்டகங்களிடம் கொண்டுவர வேண்டாம் என்றும் தடுத்துள்ளார்கள். ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் இவ்விரண்டையும் முரணாகக் கொள்ளாமல் இணைத்தே விளக்கியுள்ளனர். நோய்க்குத் தன்னிச்சையான ஆற்றல் இல்லை. அனைத்தும் இறைவனின் நாட்டப்படியே நடக்கின்றன. ஆயினும் நெருங்கிக் கலத்தல் என்பதை அவன் ஒரு காரணமாக ஆக்கி வைத்துள்ளான். அக்காரணத்தைத் தவிர்ப்பது நம் பொறுப்பு. நெருப்பு சுடும் என்று அறிந்து கையை விலக்குபவன் தவக்குலை இழந்தவன் ஆகமாட்டான் அல்லவா?

இதன் மறுபுறத்தையும் கவனிக்க வேண்டும். விலக்கி வைத்தல் என்ற பெயரில் ஒரு மனிதனை இழிவுபடுத்த மார்க்கம் அனுமதிக்கவில்லை. உடல் அரிப்பின் காரணமாக அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) ஆகிய இருவருக்கும் பட்டாடை அணிய நபி (ஸல்) அவர்கள் சலுகை அளித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அது எவ்வகை அரிப்பு என்பது நமது ஆய்வுக்குரியதன்று. சுவனத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் இருவர் அவர்கள். அவர்கள் தமக்கு அரிப்பு என்று முறையிடத் தயங்கவில்லை. முறையிட்டவர்களை எவரும் இகழவுமில்லை. ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பட்டே அவர்களுக்காக அனுமதிக்கப்பட்டது.

உண்ணியைக் கண்டவர்கள்

இந்நோயை அறபியில் ‘ஜரப்’ என்பர். 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் அஹ்மத் அத்தபரீ இந்தச் சிற்றுண்ணியைப் பற்றித் தமது நூலில் எழுதியுள்ளார். இவர் தஃப்ஸீர் ஆசிரியரான இமாம் தபரீ அல்லர்; வேறொருவர். 12-ஆம் நூற்றாண்டில் அந்தலூஸில் வாழ்ந்து 1162-இல் மறைந்த இப்னு ஸுஹ்ர் அவர்களும் இதனைக் குறிப்பிட்டுள்ளார்.

1687-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மருத்துவர் பொனோமோ, உருப்பெருக்கிக் கண்ணாடியால் கண்டு இதன் படத்தை வரைந்து வெளியிட்டார். அவருக்கு வழிகாட்டியவர்கள் யார் தெரியுமா? சிரங்கு பிடித்த பிள்ளைகளின் தோலிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுத்தெறிந்து கொண்டிருந்த ஏழைத் தாய்மார்கள். ஆயினும் பெரும் மருத்துவர்கள் நீண்ட காலம் இதை நம்பவில்லை. 1834-இல் கோர்சிக்கா தீவைச் சேர்ந்த ரெனூச்சி என்ற மருத்துவ மாணவர் பாரிஸ் நகர மருத்துவமனையில் அனைவர் முன்னிலையிலும் உண்ணியை ஊசியால் எடுத்துக் காட்டினார். அந்த வித்தையை அவர் கற்றதும் தம் ஊர்ப் பெண்களிடமிருந்தே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெல்லன்பி என்ற ஆய்வாளர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த தொண்டர்களைக் கொண்டு ஆய்வு செய்தார். நோயாளிகள் பயன்படுத்திய போர்வைகளில் அவர்களைப் படுக்க வைத்தபோது மிகச் சிலருக்கே தொற்றியது. உடலோடு உடல் நெருங்கி நெடுநேரம் இருப்பதே முதன்மையான காரணம் என்று அவர் கண்டார். சாதாரண நோயாளி ஒருவரின் உடல் முழுவதிலும் சராசரியாக 11 அல்லது 12 பெண் உண்ணிகளே இருப்பதையும் அவர் எண்ணிக் காட்டினார்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் யாது? ஜமாஅத்தில் தோளோடு தோள் நின்று தொழுவதாலோ, ஸலாம் சொல்லி ஒருமுறை கைகொடுப்பதாலோ சாதாரணச் சிரங்கு பரவுவது அரிது. சிரங்கு வந்தவரைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று கூறுவதற்கு எந்த நியாயமும் இல்லை. மாறாக, ஒரே பாயில் ஒட்டி உறங்கும் பிள்ளைகள், பாலூட்டும் தாயும் சேயும், கணவனும் மனைவியும் ஆகியோரிடையேதான் அது பரவும். நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றிய முதியோர் சிலருக்குத் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும் கடுமையான வகை உண்டு. அதில் உண்ணிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அது மிக எளிதில் பரவும். அத்தகையோரை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மேற்பூச்சு மருந்துகள்

பண்டைக் காலத்தில் அறபிகள் சொறி பிடித்த ஒட்டகத்திற்குக் கீல் பூசினர். ரோமானியர் கந்தகத்தைக் கீலுடன் கலந்து பூசினர். இன்று பயன்பாட்டிலுள்ள மருந்துகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, பெர்மெத்ரின் 5 விழுக்காட்டுக் களிம்பு. செவ்வந்தி இனப் பூவொன்றிலுள்ள பூச்சிக்கொல்லிச் சத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1970-களில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. இன்று பெரும்பாலான மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவது இதுவே. இரண்டு மாதம் நிறைந்த குழந்தை முதல் முதியோர் வரை பயன்படுத்தலாம். கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் ஆலோசனையுடன் தரப்படுகிறது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அண்மை ஆண்டுகளில் இதன் பலன் குறைந்து வருவதாகச் செய்திகள் வந்துள்ளன. ஆனால் பலன் கிடைக்காமைக்குப் பூசும் முறையிலுள்ள குறைகளும் பெருங்காரணம் என்பதை மறந்துவிடலாகாது.

இரண்டாவது, பென்சைல் பென்சோயேட் 25 விழுக்காட்டுத் திரவம். பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வரும் விலை குறைந்த மருந்து. நல்ல பலன் தரும். ஆனால் சொறிந்த புண்ணில் பட்டால் கடுமையாக எரியும். பிள்ளை கதறுவதைப் பொறுக்காமல் தாய் பாதியிலேயே கழுவிவிடுவாள், வைத்தியம் வீணாகும். சிறுவர்களுக்கு மருத்துவர் கூறும் அளவில் நீர் கலந்தே பூச வேண்டும்.

மூன்றாவது, கந்தகக் களிம்பு. 5 முதல் 10 விழுக்காடு கந்தகத்தை வாசலினில் கலந்து தயாரிப்பது. தொடர்ந்து மூன்று இரவுகள் பூச வேண்டும். வாடையும் துணியில் கறையும் இதன் குறைகள். ஆயினும் இரண்டு மாதத்திற்குக் குறைந்த பச்சிளங்குழந்தைகளுக்கு மருத்துவர்கள் பெரிதும் நம்புவது இம்மருந்தையே.

நான்காவது, குரோட்டாமிட்டான். அரிப்பைத் தணிக்கும், உண்ணியைக் கொல்லும் ஆற்றல் குறைவு.

லிண்டேன் என்றும் காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்றும் பெயருள்ள மருந்து முன்பு மிகுதியாக வழங்கி வந்தது. அது தோல் வழியே உட்சென்று நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது. குழந்தைகளுக்கு வலிப்பையும் உண்டாக்கக்கூடியது. வீட்டில் பழைய குப்பி ஏதும் இருந்தால் அதை எடுத்துப் பூச வேண்டாம்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. 1992-இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில் 814 பேருக்கு இவ்விழுதைப் பூசியதில் 97 விழுக்காட்டினர் 3 முதல் 15 நாட்களுக்குள் குணமடைந்ததாகக் கூறப்பட்டது. முன்னோர் வழக்கத்தை நாம் இகழவில்லை. எனினும், ஒரு முன்னோட்ட ஆய்வை மட்டும் கொண்டு உறுதியான மருந்தை விட்டுவிடுவது அறிவுடைமை ஆகாது. மண்ணெண்ணெயும் வயலுக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தும் பூசுவதோ பெருந்தீங்கு, அறவே கூடாது.

உட்கொள்ளும் மாத்திரையும் ஒன்று உண்டு. ஐவர்மெக்டின் என்பது அதன் பெயர். எடைக்கேற்ப மருத்துவர் நிர்ணயிக்கும் அளவில் இரண்டு முறை உட்கொள்வது. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள சிறார்க்கும் பொதுவாகத் தருவதில்லை. ஃபிஜி தீவுகளில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்றின் முடிவு நாம் கவனிக்கத்தக்கது. நோயுற்றோருக்கும் அவர்களோடு நெருங்கியிருந்தோருக்கும் மட்டும் பெர்மெத்ரின் பூசிய பகுதியில் ஓராண்டில் நோய் 49 விழுக்காடு குறைந்தது. ஊரார் அனைவருக்கும் அதே களிம்பைத் தந்த பகுதியில் 62 விழுக்காடு குறைந்தது. அனைவருக்கும் மாத்திரை தந்த பகுதியில் 94 விழுக்காடு குறைந்தது. ஒரே களிம்புதான், அனைவரும் சேர்ந்து பூசியபோது பலன் கூடியது.

பூசும் முறையும் தொழுகை நேரமும்

பெர்மெத்ரின் களிம்பு தோலில் 8 முதல் 14 மணி நேரம் இருக்க வேண்டும். இடையில் கையைக் கழுவினால் கழுவிய இடத்தில் மீண்டும் பூச வேண்டும். இந்த ஒரு விதியை மருந்துச் சீட்டில் எவரும் நமக்கு எழுதித் தருவதில்லை. நாமோ நாளொன்றுக்கு ஐந்து வேளை உளூச் செய்பவர்கள். உண்ணி மிகுதியாகக் குடியிருப்பது விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும்; உளூவில் நாம் தேய்த்துக் கழுவுவதும் அதே இடங்களை. காலையில் களிம்பு பூசிக்கொண்டு லுஹருக்கும் அஸருக்கும் உளூச் செய்தால் மருந்து எங்கே நிற்கும்? எங்கள் சிறுவனுக்கு நான் காலையில்தான் பூசச் சொல்லியிருந்தேன்!

எனவே, இஷாத் தொழுகையை முடித்து, உணவருந்தி, இரவு 9 மணியளவில் பூசிக்கொள்ளுங்கள். சுப்ஹுக்கு முன் 5 மணிக்கு எழுந்து குளித்துவிடுங்கள். 8 மணி நேரம் நிறைவாகிவிடும். களிம்புடன் உளூக் கூடுமா என்ற ஐயத்திற்கும் இடமிராது. தஹஜ்ஜுதுக்கு எழுபவர் உளூச் செய்த பின் கைகால்களில் மறுபடியும் பூசிக்கொள்ளட்டும். ரமளானிலும் இரவில்தானே பூசப் போகிறோம். நோன்புக்கு யாதொரு இடையூறும் இல்லை.

நகங்களை முன்னதாக வெட்டிவிட வேண்டும். உடல் ஈரமின்றிச் சூடு தணிந்திருக்க வேண்டும். கழுத்து முதல் உள்ளங்கால் வரை ஓரிடம் விடாமல் பூச வேண்டும்: விரலிடுக்கு, நகத்தின் அடி, அக்குள், தொப்புள், இடுப்பு மடிப்பு, பிட்டம், மறைவிடங்கள், உள்ளங்கால் ஆகிய அனைத்திலும். பருக்கள் உள்ள இடத்தில் மட்டும் பொட்டு வைப்பது போலப் பூசுவதால் பயனில்லை. கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கண், வாய் நீங்கலாக முகத்திலும் தலையிலும் பூச மருத்துவர் கூறுவார். குழந்தை விரலைச் சப்பாதவாறு கையுறையோ துணியோ சுற்றிவிட வேண்டும். 7 நாட்கள் கழித்து இதே முறையில் இரண்டாம் முறையும் பூச வேண்டும். முட்டையிலிருந்து பின்னர் வெளிவந்தவை அப்போது அழியும்.

வீட்டிலுள்ள அனைவரும், அரிப்பு இருப்பினும் இல்லாவிடினும், ஒரே இரவில் பூச வேண்டும். உண்ணி மனித உடலை விட்டு இரண்டு மூன்று நாட்களே உயிர்வாழும். ஆகவே கடந்த மூன்று நாட்களில் பயன்படுத்திய உடை, போர்வை, தலையணையுறை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்துக் காயவைத்தால் போதும். துவைக்க இயலாதவற்றை நெகிழிப் பையில் இட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். பாயையும் மெத்தையையும் கொளுத்த வேண்டியதில்லை.

நாம் செய்யும் தவறுகள்

முதல் தவறு, ஒரு குப்பியை ஊருக்கெல்லாம் பங்கிடுவது. வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதற்கும் சுமார் 30 கிராம் களிம்பு தேவை. வளர்ந்தவர்கள் ஆறு பேர் உள்ள வீட்டிற்கு ஒரு முறைக்கே 180 கிராம் வேண்டும். இரண்டு முறைக்கு 360 கிராம். நாம் வாங்குவதோ 30 கிராம் கொண்ட ஒரு குப்பி! அதை ஆறு பேருக்கும் தொட்டுத் தொட்டு வைத்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்கிறோம். இது அறியாமை மட்டுமன்று, வறுமையும்தான்.

இரண்டாம் தவறு, கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசுவது. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும். ஆனால் உண்ணி சாகாது. நோயின் அடையாளம் மறைந்து, மருத்துவரே கண்டறிய இயலாதபடி உருமாறிவிடும். தோலும் மெலிந்து கெடும். எங்கள் சிறுவனுக்கு முதலில் வாங்கிய களிம்பும் இத்தகையதே என்பது பிறகு தெரிந்தது. நோயின் பெயரைச் சொல்லாமல் அரிப்புக்கு மருந்து என்று மட்டும் கேட்டு வாங்கிவரச் செய்தவன் நான்தான்.

மூன்றாம் தவறு, அரிப்பு நிற்கவில்லையென்று நாள்தோறும் பூசிக்கொண்டே இருப்பது. உண்ணி இறந்த பின்னரும் அதன் எச்சம் தோலில் இருக்கும் வரை, இரண்டு முதல் நான்கு வாரங்கள் அரிப்பு நீடிக்கலாம். அது தோல்வியின் அடையாளமன்று. அதற்கு வேறு மருந்து உண்டு. நான்கு வாரத்திற்குப் பின்னும் நீடித்தாலோ, புதிய பருக்கள் தோன்றினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நான்காம் தவறு, வெட்கம். தாய்மார்களே, மறைவிடங்களில் வரும் நோய் என்பதால் நம் பெண்கள் பலர் கணவரிடமும் கூறாமல் மாதக்கணக்கில் பொறுத்துக் கொள்கின்றனர். சிரங்கு ஒழுக்கக்கேட்டின் அடையாளமன்று, அழுக்கின் அடையாளமுமன்று. நாள்தோறும் குளிப்பவரின் தோலிலும் உண்ணி வாழும். இது நெருக்கமாக வாழ்வதால் வரும் நோய். அன்போடு பிள்ளையை அணைத்து உறங்கும் தாய்க்குத்தான் முதலில் வரும். இதில் வெட்கப்பட யாதுமில்லை.

பின்னர் நடந்தது

மருத்துவர் கூறியபடி ஒரு வியாழக்கிழமை இஷாவுக்குப் பின் 22 மாணவர்களில் எஞ்சியிருந்த 21 பேரும், உஸ்தாத்மார்களும், சமையற்காரரும், நானும் ஒரே நேரத்தில் களிம்பு பூசிக்கொண்டோம். எனக்கு அரிப்பு இல்லை. ஆயினும் மாணவர்கள் முன்னிலையில் முதலில் என் கைகளில் பூசிக் காட்டினேன். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அனைவரும் ஒரே வாடையுடன் உறங்கினோம். வெள்ளி அதிகாலை அனைவரும் குளித்தனர். ஜும்ஆவுக்கான குளிப்பும் நிறைவேறிற்று. துணிகளையெல்லாம் வெந்நீரில் இட்டோம். அடுத்த வியாழனும் அவ்வாறே செய்தோம். ஒரு மாதத்தில் அரிப்பு என்ற பேச்சே நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்!

பின்னர் நான் அச்சிறுவனின் ஊருக்குச் சென்றேன். அங்கே அவனது வீட்டில் ஐந்து பேருக்கும் அரிப்பு இருந்தது. தாயிடம் இருந்தது ஒரே ஒரு களிம்புக் குப்பி. அதையும் சிறுவனுக்காகவே மிச்சம் பிடித்து வைத்திருந்தார். அக்குடும்பம் முழுவதற்கும் மருந்து வாங்கிக் கொடுத்து, முறையைக் கூறிவிட்டு, அவனது தந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், “ஹழ்ரத், நீங்கள் ஏன்?” என்று கேட்டுக் கண்கலங்கினார். ஆறு வாரம் கழித்துச் சிறுவன் திரும்பி வந்தான். இன்று பதினோராம் ஜுஸ்உ ஓதுகிறான். ஆயினும் இழந்த மூன்று மாதங்களில் முன்பு ஓதியதில் இரண்டு ஜுஸ்உகள் மறந்திருந்தன. அவற்றை மீண்டும் தொடக்கத்திலிருந்து மனனம் செய்ய நேர்ந்தது. அந்த இழப்புக்கு நானே பொறுப்பு.

வேண்டுகோள்

ஜமாஅத்துப் பெருமக்களே! நிர்வாகக் குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: நமது பைத்துல்மாலிலிருந்து ஒரு தொகையை இதற்கென ஒதுக்க வேண்டும். சிரங்கு வந்த ஏழைக் குடும்பத்திற்கு, வீட்டிலுள்ள அனைவருக்கும் இரண்டு முறைக்கும் போதுமான மருந்து ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்து அனுப்புவது பணத்தையும் வீணாக்கும். இரண்டு: மதரஸாவில் சேரும் ஒவ்வொரு மாணவரையும் சேர்க்கையின் போதும், விடுமுறை முடிந்து திரும்பும் போதும் மருத்துவர் ஒருவர் பார்வையிட ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்று: மாணவர்களுக்குத் தனித்தனிப் பாயும் போர்வையும் துவாலையும் வழங்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரே வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்கு இரவில் அரிப்பு மிகுந்தால் மறைக்காமல் எங்களிடம் கூறுங்கள். நாங்கள் அவனைத் தனிப்பாயில் படுக்க வைக்கமாட்டோம். அவனோடு சேர்ந்து நாங்களும் மருந்து பூசிக்கொள்வோம்.

யா அல்லாஹ்! நோயுற்றோர் அனைவருக்கும் நிறைவான நலத்தை அருள்வாயாக! அறியாமல் நாங்கள் செய்த பிழைகளைப் பொறுத்தருள்வாயாக! எங்கள் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் காத்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.